கிளாட்டில் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு

டிசம்பரில் கிளாட் தேர்வு நடந்து தரவரிசை வந்துவிட்டால், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிள்ளைகள் பெற்றோரோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வருவார்கள். "மார்க் ரொம்பக் கம்மியா வந்திருச்சு. சட்டம் படிக்கலாமா, விட்டுறலாமா?" என்பதுதான் கேள்வி. நேரில் வருகிறவர்களிடம் சொல்வதை, வர முடியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. அந்த மார்க்கை எந்தக் கல்லூரி கேட்கிறது என்று முதலில் பார். கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வு. திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் அதை வைத்துத்தான் சேர்க்கிறது. ஆனால் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு கிளாட் மார்க் தேவையே இல்லை. அங்கே ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண், கூடவே இடஒதுக்கீடு. மதுரை டாக்டர் தங்கராஜ் சாலையில் உள்ள அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர்கள்தான் இன்று ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் பெருவாரியாக வாதாடுகிறார்கள். மதுரையில் இடம் கிடைக்காவிட்டால் தேனி, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி இருக்கின்றன. பட்டம் ஒன்றுதான்.

2. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 2021இல் வந்த சட்டத்தை மறக்காதே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் பொறியியலுக்கு மட்டுமல்ல, சட்டப் படிப்புக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வை.

3. கிளாட் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், அத்தனையும் நீளமான ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடையளிக்க வேண்டியவை. தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போகும். வேகமாக ஆங்கிலம் படிப்பவனுக்கு ஏற்ற தேர்வு. வாடிப்பட்டிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை அதில் பின்தங்கினால், அவளுக்குச் சட்டம் வராது என்று எந்த நியாயத்தில் சொல்வது? எங்கள் வேலையில் பாதி, மெதுவாகப் படிக்கும் வேலை. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லையையும் இன்றைய பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மேசையில் விரித்து, எந்தக் கைமாற்றத்தில் நிலம் சுருங்கியது என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆகும். அந்தப் பொறுமையை அளக்க எந்த நுழைவுத் தேர்விலும் கேள்வி கிடையாது.

4. ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதே. மார்க் குறைந்தது ஆங்கிலத்தாலா, பயிற்சி இல்லாததாலா, இல்லை படிக்கவே பிடிக்காததாலா? மூன்றாவதுதான் காரணம் என்றால் உனக்கு இந்தத் தொழில் வேண்டாம். இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. 2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கூடவே மாறின. முப்பது வருடம் பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்களும் அன்று முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தார்கள். உன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியைத் தமிழில் எடுத்து, தினம் ஒரு பிரிவாக ஒரு மாதம் படி. அலுப்பில்லாமல் அடுத்த பிரிவுக்குப் போகத் தோன்றினால் வா.

5. கோர்ட்டுக்குப் போய் உட்கார். நம் நாட்டில் நீதிமன்றம் பொதுவாக எல்லாருக்கும் திறந்தது, பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். சினிமாவில் வரும் வாதத்தை எதிர்பார்த்துப் போகாதே. மேலூர் முன்சீப் கோர்ட்டில் காலை முழுக்க வாய்தா கொடுப்பார்கள். பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, கண்மாய்க்குப் போகிற வாய்க்காலை மறித்த வழக்கு, இவைதான் வரும். குறுக்கு விசாரணையில் ஒரு விவசாயி திணறும்போது உனக்கு அவர்மேல் அக்கறை வருகிறதா, வழக்குக் கட்டில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்று கவனி.

6. பணக் கணக்கை எழுதிப் பார். தரவரிசை பின்னால் போனவர்களுக்கு வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து போன் வரும். சேரச் சொல்லி நெருக்குவார்கள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் லட்சக்கணக்கில் போகும், விடுதிச் செலவு தனி. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது. இப்போது படிப்பு முடிந்த பிறகு வரும் வருமானத்தைப் பார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னது. நீதிமன்றமே தலையிட்டுச் சொல்ல வேண்டிய நிலையில்தான் ஜூனியர்களின் கை வருமானம் இருந்தது. சீனியர் வக்கீலின் சேம்பரில் சேரும்போது, "மாதம் என்ன கிடைக்கும்?" என்று கூச்சப்படாமல் கேள். அந்த வருமானத்தில் பத்து லட்சக் கடனுக்குத் தவணை கட்ட முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, பேர் தெரியாத தனியார் கல்லூரியில் சேர்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

7. பிளஸ் டூ மார்க்கும் குறைவு என்றால்? பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40 விழுக்காடும் இருந்தால் தகுதி உண்டு. தகுதி இருந்தாலும் கட்-ஆப் எட்டாமல் போகலாம். அப்போது பட்டம் படித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வா. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், எங்கே கிடைக்கிறதோ அங்கே வரலாறோ பொருளாதாரமோ வணிகவியலோ நன்றாகப் படி. மொத்தத்தில் ஒரு வருடம்தான் கூடுதல். கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த வணிகவியல் பட்டதாரி, காசோலை வழக்கிலும் வரி வழக்கிலும் மற்றவர்களை முந்துவதைப் பார்க்கிறேன்.

8. வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர் எவரையும் நம்பாதே. பக்கத்து மாநிலத்துப் பேரைச் சொல்லி, தேர்வுக்கு மட்டும் போனால் போதும் என்பார்கள். இப்படி லெட்டர்பேடில் மட்டுமே இருக்கும் கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்திருக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி 70 விழுக்காடு வருகை வேண்டும், தொலைதூரக் கல்வியில் சட்டப் பட்டம் கிடையாது. வக்கீலாகப் பதிவு செய்த பிறகும் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். போலி என்று தெரிந்தால் போவது பணம் மட்டுமல்ல, உன்னை நம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவரும் தவித்து நிற்பார்.

9. ஆங்கிலத்தை விட்டுவிடாதே. தாலுகா கோர்ட்டில் தமிழில் பிராது எழுதலாம், தமிழில் வாதாடலாம். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு அப்படி. ஒத்தக்கடையில் நிற்க ஆசை இருந்தால் முதலாண்டிலிருந்தே தினம் ஒரு தீர்ப்பைப் படி. தீர்ப்பில் வரும் ஆங்கிலம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டு வருடத்தில் பழகிவிடும்.

10. பின்னால் வரும் தேர்வுகளையும் தெரிந்துகொள். பட்டம் வாங்கிப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய, பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அகில இந்தியப் பார் தேர்வு. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். நீதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் அந்த மூன்று வருடமும் உன்னைத் தாங்க முடியுமா என்பதை இப்போதே கேட்டுக்கொள். இந்த இடங்களில் எங்கேயும் உன் கிளாட் மார்க்கை யாரும் கேட்கப் போவதில்லை.

11. மதுரைப் பக்கத்தில் இந்தத் தொழில் எதற்குப் பயன்பட்டது என்று படி. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடியில் இருந்த கள்ளர் மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் 'ரோசாப்பூ துரை' என்கிறார்கள். 1939 ஜூலை 8 அன்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன வைத்தியநாத ஐயரும் மதுரை வக்கீல்தான். யாருக்காகப் படிக்கப் போகிறாய் என்று உன்னிடம் ஒரு பதில் இருந்தால், முதல் சில வருடத்துப் பண நெருக்கடியைத் தாங்குவது சுலபம்.

12. பிளஸ் டூ முடிவு வந்ததும் ஐந்தாண்டுப் படிப்புக்கு அம்பேத்கர் பல்கலைக்கழகம் விண்ணப்பம் கேட்கும். சாதிச் சான்று, மாற்றுச் சான்று, அரசுப் பள்ளிச் சான்று மூன்றையும் அதற்கு முன்பே தயாராக வை. விருப்பக் கல்லூரிப் பட்டியலில் மதுரையோடு நிறுத்தாமல், பஸ்ஸில் போய்வரக்கூடிய எல்லா அரசுக் கல்லூரியையும் எழுது. கடைசி நாள் இரவு பதிவு செய்யாதே, சர்வர் அன்று நின்றுபோகும்.