பங்கு பிரிப்பும் நம்பிக்கையும்

ஒருவரிடம் 100 ரூபாவைக் கொடுத்து, "இதில் அடுத்த அறையில் இருப்பவருக்கு எவ்வளவு கொடுப்பீர்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். சொன்ன பங்கை மற்றவர் ஏற்றால் இருவருக்கும் அவ்வாறே கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒரு சதமும் இல்லை. ஜேர்மனியப் பொருளியலாளர் வேர்னர் கூத்தும் அவருடைய சகபாடிகளும் 1982 இல் வெளியிட்ட பரிசோதனை இத்தகையது.

பழைய பொருளியல் பாடத்தின்படி, ஒரு ரூபா கொடுத்தாலும் மற்றவர் வாங்கத்தான் வேண்டும். வெறுங்கையைவிட ஒரு ரூபா மேல் அல்லவா? நடந்ததோ வேறு. பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது, பெரும்பாலானோர் நாற்பது முதல் ஐம்பது வரை கொடுத்தனர். இருபதுக்குக் குறைந்த பங்கைப் பலர் தமக்கு நட்டம் என்று தெரிந்தும் தள்ளிவிட்டனர். சிறு தொகை என்பதால் வந்த வீம்பு என்று சிலர் கூறினர். இந்தோனேசியாவில் மூன்று மாதச் செலவுக்குச் சமமான தொகையை வைத்துப் பார்த்தபோதும் கொடுத்த பங்கு குறையவில்லை.

பின்னர் மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிச்சும் குழுவினரும் 15 சிறு சமூகங்களிடம் சென்று ஆராய்ந்து, 2001 இல் முடிவுகளை வெளியிட்டனர். பெரு நாட்டுக் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றுக்கு 26 மட்டுமே கொடுத்தனர். ஏறக்குறைய எல்லோருமே அதை மறுக்காமல் வாங்கினர். அவர்கள் குடும்பம் குடும்பமாகத் தனித்துப் பயிர்செய்பவர்கள். இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தவரோ பாதிக்கும் சற்று மேலாகக் கொடுத்தனர். அவர்கள் வள்ளங்களில் கூட்டாகச் சென்று திமிங்கிலம் பிடிப்பவர்கள். தனி ஒருவரால் ஆகக்கூடிய தொழில் அல்ல அது. பிடித்ததை வெட்டும்போது எந்தத் துண்டு யாருக்கு என்பதும் முன்னமே வழக்கில் உண்டு. ஆகவே நியாய உணர்வு பிறவிக் குணம் மாத்திரமல்ல, தொழில் செய்யும் முறையோடு சேர்ந்து வளர்வது என்றே நாம் கொள்கிறோம்.

பப்புவா நியூகினியில் சிலர் பாதிக்கு மேல் கொடுத்த பங்கையும் மறுத்தனர். பெரிய கொடையை வாங்கினால் கொடுத்தவருக்குக் கடமைப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நிவாரண வரிசையில் நின்ற எம்மவர்க்கு இது விளங்காத காரியம் அல்ல.

இன்னொரு பரிசோதனை எமது சங்கங்களுக்கு நெருக்கமானது. சூரிச்சில் பணியாற்றிய ஏர்ன்ஸ்ற் ஃபெர், சைமன் கெக்டர் இருவரும் 2000 இல் அதை வெளியிட்டனர். நால்வர் தத்தம் பணத்தில் விரும்பியதைப் பொதுவில் இடுவர். சேர்ந்த தொகை பெருக்கப்பட்டு, போட்டவர் போடாதவர் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். தொடக்கத்தில் பலர் தாராளமாக இட்டனர். சிலர் போடாமலே பங்கு பெறுவதைக் கண்டதும், சுற்றுக்குச் சுற்று மற்றவர்களும் குறைத்தனர். போடாதவருக்குத் தண்டம் விதிக்க இடமளித்தபோது, தம் கைப்பணம் செலவாகும் என்றறிந்தும் பலர் விதித்தனர். பொதுப்பணம் மீண்டும் ஏறியது.

சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது தெரிந்த கதையே. முதற் சீட்டை எடுத்தவர் இரண்டாம் மாதம் காசு கட்டாவிட்டால் மற்றவர்களும் பின்வாங்குவர். பழைய ஊரில் அவருடைய தாய் தகப்பனை எல்லோரும் அறிவர், கேட்கவும் ஆள் இருந்தது. இடம்பெயர்ந்து, பல ஊரவர் கலந்து குடியிருக்கும் இடத்தில் அந்தப் பிடிமானம் இல்லை. அங்கே ஐந்தாறு பேருடன், சிறு தொகையில், குறுகிய சுற்றாகத் தொடங்குவது நன்று. யாருக்கு எந்த மாதம் என்பதை எல்லோர் முன்னிலையிலும் துண்டு குலுக்கித் தீர்க்கலாம். தவறினால் என்ன தண்டம் என்பதை முதற் காசு வாங்குமுன்பே பேசி, கொப்பியில் எழுதி, எல்லோரும் கையொப்பம் இட்டுக்கொள்ளலாம்.