கழுவும் முன் தட்டைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பெட்டி ரெக்கார்டு இறங்கியிருக்கிறது, கழுவ எந்தத் திரவம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றும் வேலைக்கு உன் வயதில் ஒருவர் வருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திரவம் இருக்கட்டும். முதலில் கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்று பார்.

78 சுற்றுத் தட்டு வினைல் அல்ல, அரக்கு. அரக்கோடு கல்பொடியைக் கலந்து அழுத்திச் செய்தது. கனமாக இருக்கும், கைதவறினால் உடையும், ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் பாடும். எல்.பி. வினைல்; லேசாக வளைந்து கொடுக்கும். படம் வந்த ஆண்டை வைத்து முடிவு கட்டாதே. மேலைநாடுகளில் 1960 வாக்கில் அரக்குத் தட்டுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. இந்தியாவில் அதற்குப் பிறகும் அச்சிட்டார்கள். பீட்டில்ஸ் பாடல்களே இங்கே 78 சுற்றில் வந்திருக்கின்றன. ஆகவே எம்.ஜி.ஆர். படப் பாட்டாயிற்றே, வினைலாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. லேபிளில் சுற்று எண்ணைப் படி.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், அரக்கு ஆல்கஹாலில் கரையும். பழைய நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத்தான் பூசுகிறார். வினைலுக்கென்று விற்கும் பல கிளீனர்களில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருக்கிறது. சானிடைசரிலும் ஆல்கஹால் இருக்கிறது, கண்ணாடி துடைக்கும் சில திரவங்களிலும் இருக்கிறது. அதைத் தொட்டு 78 தட்டைத் துடைத்தால் பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரே இளகிப் போகும். பிறகு யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள். 1933-இல், முப்பது வயதைத் தொடும் முன்பே மறைந்தவர். சினிமாவில் நடித்ததில்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது அரக்குத் தட்டுகளால்தான். அந்தக் காலத்துப் பதிவுகள் பலவற்றுக்கு மூல அச்சே இன்று கிடையாது. கல்கத்தாவில் அச்சாகி, ரயிலேறி மதராஸ் வந்து, ஏதோ ஒரு வீட்டில் உடையாமல் தப்பிய தட்டுதான் மூலம். உன் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கலாம்.

இன்னொன்று. எப்படி இருக்கிறதென்று ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு கழுவலாம் என்று உனக்குத் தோன்றும். செய்யாதே. ஊசி தூசியைத் தள்ளிக்கொண்டு போவதில்லை, பள்ளத்துச் சுவரில் வைத்துத் தேய்க்கிறது. அந்தக் கீறல் எந்தக் கழுவலிலும் போகாது.

வேலையை வறண்ட தூசியிலிருந்து தொடங்கு. மென்மையான பிரஷ்ஷால், பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடை, குறுக்கே இழுக்காதே. வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால், கடலோர ஊர்களில் அது சகஜம், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு வெளியே வைத்துத் தட்டிவிடு. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ ஆகாது. அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு லிட்டருக்கு, பிலிம் கழுவும் போட்டோக்காரர்கள் பயன்படுத்தும் போட்டோ-ஃப்ளோ சில துளிகள் போதும். பாத்திரம் விளக்கும் திரவத்தில் வாசனையும் சாயமும் இருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை. நனைத்த துணியால் துடைத்து, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, பஞ்சு பிரியாத துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்திக் காயவை. வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். அரக்குத் தட்டை ஊறவும் போடாதே. விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

லேபிளில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. பாடியவர், ராகம், படம், பதிவு எண் எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. சில லேபிள்களில் வாங்கியவர் பேனாவால் பெயரும் எழுதியிருப்பார். ஈரம் பட்டால் மசி ஓடிவிடும். கழுவுவதற்கு முன்பே ஒவ்வொரு லேபிளையும் படம் எடுத்துவிடு. பழைய உறையைத் தூக்கி எறியாதே, அதில் கடையின் முத்திரை இருக்கும். ஆனால் கழுவிய தட்டைப் புது உறையில் போடு. அழுக்கை எடுக்க ஃபெவிகால் பூசி உரித்தெடுக்கும் வித்தையைச் சொல்வார்கள். 78 தட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு பூசி, கையால் லேபிள் எழுதிய தட்டு ஏதாவது அகப்பட்டால் எதையும் செய்யாமல் தனியே எடுத்து வை. அது ஸ்டுடியோவிலோ வானொலியிலோ நேரடியாகச் செதுக்கியதாக இருக்கலாம். ஒரே பிரதி. அந்தப் பூச்சு உரிந்து வரக்கூடியது.

கழுவிய பிறகும் இரைச்சல் இருந்தால் உடனே மறுபடி கழுவப் போகாதே. எந்த ஊசி மாட்டியிருக்கிறாய் என்று பார். எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 0.0007 அங்குலம், 78-க்கு வேண்டியது சுமார் 0.003. சிறிய ஊசி அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். அழுக்கு என்று நினைக்கும் சத்தத்தில் பெரும்பங்கு இதனால் வருவது. பள்ளம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அது எஃகு ஊசி பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த தடம். அதைத் தேய்த்துப் போக்க முயலாதே, அப்படியே ஏற்றுக்கொள்.

கணினியில் ஏற்றியதும் மென்பொருளால் இரைச்சலை நீக்கக் கை துறுதுறுக்கும். நீக்கிக்கொள். ஆனால் அதற்கு முன், தட்டிலிருந்து வந்தபடியே ஒரு பிரதியைத் தொடாமல் தனியே வைத்துவிடு. லேபிள் படத்தையும் அதனுடன் சேர்த்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்