கூலிக்கு ஒரு மரம், ஆசைக்கு ஒரு மரம்

பட்டறைக்குத் தொழில் பழக வரும் தம்பிகள் எல்லோரும் ஒருநாள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, மனசுக்குப் பிடிச்சதைச் செதுக்கிக்கிட்டே வீட்டையும் ஓட்ட முடியுமா?” முடியும் என்றுதான் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பத் தொழிலில் இருந்துகொண்டு, உளி கொடுத்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். எனக்குப் பலன் தந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பாட்டு, ஓவியம், எழுத்து என்று எதன்மேல் ஆசை வைத்தவருக்கும் இது பொருந்தும்.

எங்களுக்கு வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் பிள்ளையார், தசாவதாரப் பலகை, பூஜை அறைக் கதவு, தலைவாசல் நிலை, கோயில் வாகனம். என் ஆசை வேறு பக்கம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர். அங்கே உரலில் சாமை குத்தும் பெண்கள், கடுக்காய் மூட்டையோடு இறங்கி வரும் பெரியவர்கள், தேனெடுக்கப் போகிறவர்கள். அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் முகத்தையும் முதுகையும் கையையும் மரத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்படி ஒரு சிற்பம் வேண்டும் என்று யாரும் முன்பணத்தோடு வந்து நிற்பதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடம் ஒதுக்கக் கற்றுக்கொண்டேன்.

கூலி வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள்

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியப்பா சொல்வார்: “கூலிக்குச் செய்யிற வேலையிலதான்டா கை பழகும். அந்தக் கைதான் நாளைக்கு உன் ஆசைக்கு ஒதவும்.” பிள்ளையாரின் துதிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நேராக இறங்கும்வரை மரத்தின் நார் ஓட்டத்தோடு உளி சுகமாகப் போகும். துதிக்கை மோதகத்தை நோக்கி வளையும் இடத்தில் நார் குறுக்கே வந்துவிடும். அங்கே கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டினால் சிலாம்பு பெயர்ந்து வரும். மெல்லிய உளியை எடுத்து, எதிர்ப்பக்கம் திரும்பி, கைவிசையாலேயே சீவ வேண்டும். சாமை குத்துகிற பெண்ணின் முழங்கை மடிப்பைச் செதுக்கும்போது எனக்குத் துணைநின்றது இந்தப் பழக்கம்தான்.

அளவும் அப்படித்தான். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து உடலை அளப்பது எங்கள் மரபு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். மலைவாசிப் பெரியவரின் கூன் முதுகுக்கு எந்தச் சிற்ப நூலிலும் அளவு கிடையாது. ஆனாலும் தாளம் பழகிய கண்ணுக்கு அந்தக் கூனலின் கணக்கு பிடிபடுகிறது.

ஆசைத் துண்டுக்குக் கெடு வைக்காதீர்கள்

என் பட்டறையின் ஓரத்தில் எப்போதும் ஒரு வாகைத் துண்டு கிடக்கும். அதற்குத் தேதியும் கிடையாது, விலையும் கிடையாது. காலையில் ஆட்கள் வருவதற்கு முன் அதில்தான் உட்காருவேன். ராத்திரிக்குத் தள்ளிவைத்தால் ஆர்டர் வேலை கையின் பலத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மிச்சம் இருப்பது சோர்வுதான்.

செதுக்கிக்கொண்டிருக்கும்போதே வாங்க வருகிறவர்கள் உண்டு. “முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சா நான் எடுத்துக்கறேன்” என்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுவேன். சிற்பம் முடிந்த பிறகு விற்பதில் தவறே இல்லை. முடியும்வரை அது என் பேச்சை மட்டும் கேட்க வேண்டும். சந்தை கேட்கிற முகத்தையே நாள் முழுக்கச் செதுக்கும் கைக்குச் சொந்த முகம் மறந்துபோகும். அது நடக்காமல் காக்கத்தான் அந்த ஒரு துண்டு.

மலைக்காரரிடம் கற்ற கணக்கு

கல்வராயன் மலையில் பல குடும்பத்தினர் ஒரு காட்டில் சாமை விதைப்பார்கள், இன்னொன்றில் மரவள்ளி நடுவார்கள். சாமை வீட்டு அடுப்புக்கு. மரவள்ளி கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ப் பணமாகத் திரும்பும். பருவம் பார்த்துக் கடுக்காயும் புளியும் தேனும் கைச்செலவுக்கு உதவும். மரவள்ளி விலை சரிந்த வருடத்திலும் வீட்டில் சோறு இருக்கும். நான் பார்த்ததிலேயே தெளிவான வாழ்க்கைக் கணக்கு இது. ஆர்டர் வேலை எனக்கு மரவள்ளி. ஓரத்தில் கிடக்கும் வாகைத் துண்டு சாமை. சாமைக் காட்டையும் மரவள்ளிக்கே விட்டுவிடச் சொல்லிப் பணம் ஆசைகாட்டும்; விடாதீர்கள்.

விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள்

ஆசையோடு வேலை செய்கிறவர்கள்தான் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறார்கள். மரத்தின் விலை, அறுப்புக் கூலி, நிழலில் காயவைக்கும் காலம், உப்புத்தாள், வார்னிஷ், வேலை நாட்கள், வரைபடம் போட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே மரத்தில் வாய்ச்சியை வையுங்கள். பச்சை மரத்தில் அவசரமாகச் செதுக்கித் தராதீர்கள், வெடிக்கும். துண்டின் இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் வையுங்கள். காய்ந்த மரம் கையிருப்பில் இருந்தால் ஆர்டருக்கும் தடையில்லை, ஆசைக்கும் தடையில்லை. மலைக்காட்டு மரம் மலிவாக வருகிறது என்று யார் சொன்னாலும் வேண்டாம். பில் உள்ள மரத்தை மட்டும் வாங்குங்கள்.

காகித வேலையும் தொழிலில் ஒரு பகுதி

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குக் கிடைத்தது. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் பலன் தானாக வீட்டு வாசலுக்கு வராது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையை வாங்கிவையுங்கள். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் நிறுவனத்தின் விற்பனையகங்களையும் கண்காட்சிகளையும் விசாரியுங்கள். 2025ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. கடன் வாங்கினால் கருவிக்கும் மரத்துக்கும் மட்டும் செலவழியுங்கள்.

சம்பள வேலையில் இருப்பவர்களுக்கு

வேலையை விட்டால்தான் கலை வளரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பக்கத்து மாவட்டத்தில், விருத்தாசலத்தில் வாழும் இமையம், பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்; ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எழுத்தாளர் நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். மாதச் சம்பளம் வந்ததால், என்ன எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்ய முடிந்தது. அந்தச் சுதந்திரம் பெரிய செல்வம்.

வேலையை விடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: வீட்டுச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறதா? உங்களைத் தேடி மறுபடி வரும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா? வீட்டில் இருப்பவர்கள் உங்களோடு சேர்ந்து இந்த முடிவை எடுத்தார்களா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், மற்ற இரண்டும் இருந்தாலும் பொறுத்திருங்கள்.

தொழில் பழகும் தம்பி தங்கைகளே, முதல் கூலியில் உங்களுக்கென்று ஒரு நல்ல உளி வாங்குங்கள். அடுத்த கூலியில் ஒரு துண்டு மரம். அதில் என்ன செதுக்குவது என்று யாரிடமும், என்னிடமும்கூட, கேட்காதீர்கள். ஆர்டர் வேலையை அதே உளியால், அதே அக்கறையோடு முடித்துக் கொடுங்கள்.