இனி பல்பு வாங்காதே, மாப்பிள்ளை

கள்ளக்குறிச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மலை மேல் கரியாலூரில் உன் குவார்ட்டர்ஸில் ஹால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, பல்பை மாற்றியும் தீரவில்லை என்று அக்கா சொன்னாள். கோளாறு பல்பில் இருக்காது. வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் பக்கத்து வீட்டில் கேள். அங்கும் இதே ஆட்டம் என்றால் தவறு கம்பத்துப் பக்கம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லிவிடு. மீட்டர் சீலில் கை வைக்காதே. உன் வீட்டில் மட்டும், அதுவும் எல்லா அறையிலும் என்றால் மெயின் போர்டில் ஜாயிண்ட் லூஸ். ஹாலில் மட்டும் என்றால் சுவிட்ச், ஹோல்டர், இல்லையென்றால் ஜங்ஷன் பாக்ஸ்.

எனக்கு ஜங்ஷன் பாக்ஸ் மேல்தான் சந்தேகம். பழைய கட்டடங்களில் வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். மலை மழைக்குச் சுவர் ஊறினால் டேப் பசை விடும், செம்பில் பச்சை பூக்கும். அலுமினிய வயரோடு செம்பை முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். தளர்ந்த ஜாயிண்ட் சூடேறிக் கருகும். பியூஸ் போகாமலே தீப்பிடிக்கும்.

டெஸ்டரை முழுக்க நம்பாதே. ஒரு விளக்குக்கு சுவிட்ச் போட்டிருக்கும்போது பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், கரண்ட் அதிகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கும்; பேஸ் அந்த விளக்கு வழியாகத் திரும்பி வந்து நிற்கும். விளக்கு எரியாது, ஆனால் அந்த நியூட்ரல் வயரைத் தொட்டால் அடிக்கும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மினுக்கினால் பேய் பிசாசு இல்லை. ஈரத்தில் கசிவு இருக்கலாம். சுவிட்சை நியூட்ரலில் கொடுத்தும் இருக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும்.

வயர்மேனிடம் கிட்காட் பியூஸையும் பார்க்கச் சொல். பியூஸ் போகவே கூடாதென்று தடிக்கம்பி கட்டும் மகான்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதை எடுத்துவிட்டு விளக்கு லைனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடட்டும். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். சாமான்களைக் கள்ளக்குறிச்சியிலேயே வாங்கிக்கொண்டு மலையேறு.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்துதான் பாக்ஸைத் திறக்க வேண்டும். அதுவரை ஹால் லைனை அணைத்தே வை. மெயினை இறக்காமல் பல்பைக்கூடத் தொடாதே.

அன்புடன்,
மாமா