கடல் மீன் தொட்டிக்கு ஏற்ற மணல் எது?

ரப்பர் பால் வாளியிலேயே உறைந்துவிடாமல் இருக்கும்பொருட்டு அதில் சிறிது அமோனியா சேர்க்கும் வழக்கத்தைப் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்த மாத்திரத்தில் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் அந்தப் பொருளைத்தான் மீன்கள் நாள்தோறும் தம் செவுள்களின் வழியாக நீரில் கழிக்கின்றன. கடலில் இதனால் கேடு விளைவதில்லை. அங்கே நீருக்கு எல்லை இல்லை. கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீனுக்கோ தான் கழித்ததே தன்னைக் கொல்லும் நஞ்சாகிறது. மேலும், கடல்நீர் சற்றுக் காரமானது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8.1 ஆகும். பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு கழிவில் நஞ்சாக மாறும் பகுதி கடல்நீரில் ஏறத்தாழப் பத்து மடங்கு. கெண்டையும் கப்பியும் தாங்கிக்கொள்ளும் கவனக் குறைவைக் கடல் மீன் தாங்காமல் மடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அண்மையில் நாங்கள் சென்றிருந்த ஒரு தோட்டத்தில், பல மாதங்கள் மிச்சம் பிடித்த பணத்தில் ஓர் இளைஞர் இரண்டடி நீளத் தொட்டி ஒன்றையும், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையிட்ட கோமாளி மீன்கள் இரண்டையும் வாங்கியிருந்தார். கடையில் விற்கும் மணலின் விலையைக் கேட்டு மலைத்து, அருகிலிருந்த பழைய ஈயலம்பக் குட்டையின் கரையிலிருந்து பளிச்சென்ற வெண்மணலை அள்ளி வந்து தொட்டியில் பரப்பினார். அன்று மாலையே மீன்களையும் விட்டார். மூன்றாம் நாள் ஒன்றும், ஐந்தாம் நாள் மற்றொன்றும் மிதந்தன. லம்பத்து மணலில் விஷம் என்று லயத்தார் தீர்ப்புக் கூறிவிட்டனர். மணல் வெறும் அழகுக்குத்தானே, அது எப்படி மீனைக் கொல்லும் என்று அவருடைய தாயார் எங்களைக் கேட்டார். இருவர் கூற்றிலும் பாதிதான் உண்மை. அவ்வம்மையாருக்கு நாங்கள் கூறிய விடையையே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

மணலில் குடியிருப்போர்

தொட்டியின் மணலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஒரு வகை, அமோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே மணல் என்பது தொட்டிக்குப் போட்ட பாய் அன்று. தோட்டிகள் குடியிருக்கும் ஊர்.

அவ்வூரில் எத்தனை பேர் குடியேற முடியும் என்பது மணற்பரல்களின் மேற்பரப்பைப் பொறுத்தது. ஆலையில் கட்டி ரப்பரைச் சிறு துகள்களாக்கி உலர்த்துவது எதற்காக? துகளாக்கினால் காற்றுப்படும் பரப்பு பெருகுகிறது, விரைவில் உலர்கிறது. அதே கணக்குத்தான் இங்கும். ஒரு பிடி கூழாங்கல்லைவிட ஒரு பிடி மணலில் பரப்பு மிகுதி. ஆயினும் மாவுபோன்ற நொய்ம்மணல் இறுகிப் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கும். நீரிறைக்கும் பம்ப் அதைக் கிளப்பித் தொட்டியைக் கலக்கிவிடும். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்கற்களின் இடுக்கிலோ தீனி விழுந்து அழுகும். கோமாளி மீன் போன்றவற்றுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள பரல்களே ஏற்றவை என்பது எங்கள் கருத்து.

உளுவை மீன் வளர்க்க விரும்புவோர் இதைவிட மென்மையான மணலைத் தேட வேண்டும். உளுவைகளுள் சில மணலை வாயால் அள்ளி, செவுள் வழியாகச் சலித்து இரை தேடுபவை. கூரிய பரல்கள் அவற்றின் வாயைப் புண்ணாக்கும். விரல் சொடுக்குவதுபோல் ஒலி எழுப்பும் ஒருவகை இறால் வளை தோண்ட, பார்வை மங்கிய அதற்கு உளுவை வாயிலில் நின்று காவல் புரியும் காட்சியை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். அந்த வளை சரியாதிருக்க மென்மணலோடு சிறு பவளச் சில்லுகளும் கலந்திருக்க வேண்டும்.

எந்த மணல்?

நமக்குக் கிடைப்பவற்றை இரு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று படிகக்கல் மணல். ஆற்று மணலும் லம்பத்து மணலும் பெரும்பாலும் இவ்வினமே. மற்றது சுண்ணாம்பு இனம். உடைந்த பவளமும் சிப்பியும் சேர்ந்து ஆகிய மணல். பவளப் பாறைகளைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் கழிப்பதும் இந்த மணலே; தீவுகளின் வெண்கரைகளில் நாம் கால் பதிக்கும் மணலில் ஒரு பங்கு அம்மீன்களின் வயிற்றினூடே வந்தது என்றால் சிலர் நம்ப மறுப்பர்!

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கரண்டி உலர்ந்த மணலின் மேல் சமையற்கட்டிலுள்ள வினிகரைச் சில துளி விடுங்கள். நுரைத்துக் குமிழியிட்டால் அது சுண்ணாம்பு இனம்; வாளாவிருந்தால் படிகக்கல். இதற்காகப் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் கூடாது. அது தோலையும் கண்ணையும் பொசுக்க வல்லது; வினிகரே போதும்.

கடல் மீனுக்குச் சுண்ணாம்பு இன மணலே, அதிலும் அரகோனைட் எனப்படும் பவள மணலே சிறந்தது. அடியில் அழுகும் பொருள்களால் புளிப்பு மிகும்போது அது சிறிது கரைந்து அப்புளிப்பை முறிக்கிறது. ஆனால் இம்மணல் இருந்தால் நீரின் காரத்தன்மையைப்பற்றிக் கவலையே வேண்டா என்று கடைக்காரர் சிலர் கூறுவதை அப்படியே ஏற்கலாகாது. நீர் நல்ல நிலையில் இருக்கும்வரை இம்மணல் அதில் கரைவதே இல்லை. காரம் வெகுவாகக் குறைந்த பின்னரே கரையத் தொடங்கும். இரு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றும் வேலையிலிருந்து எந்த மணலும் நம்மை விடுவிக்காது. ஈப்போ வட்டாரத்துச் சலவைக்கல் துகளும் சுண்ணாம்பு இனமே எனினும் அது கால்சைட் வகை. இன்னும் அரிதாகவே கரையும். கழுவிய பின் பயன்படுத்தினால் கேடில்லை.

படிகக்கல் மணல் மீனுக்கு நஞ்சு என்பதும் தவறு. தூய்மையானதாகவும் முனை மழுங்கியதாகவும் இருப்பின் அதையும் இடலாம். அதனால்தான் தொட்டியில் பழுப்புப் பாசி படர்கிறது என்பர். புதிய தொட்டி எதிலும் முதற்சில வாரங்களில் அப்பாசி தோன்றுவது இயல்பு. ஆனால் பழைய ஈயலம்ப மணலை நாங்கள் வேண்டாமென்றே கூறுவோம். அதன் பரல்கள் பலவும் கூர்மையானவை. சுரங்கக் குட்டைகளில் ஆர்செனிக் முதலிய உலோகப் பொருள்கள் கலந்திருப்பதும் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அவை முற்றிலும் நீங்கின என்று வீட்டிலிருந்தபடி அறிய வழியில்லை.

கடற்கரைக்கு உலாப் போகும்போது ஒரு மூட்டை கட்டி வந்தால் என்ன என்று தோன்றலாம். ரெடாங், தியோமான், பாயார் போன்ற தீவுகளைச் சூழ்ந்த கடற்பூங்காக்களில் அனுமதியின்றி மணலையோ பவளத்தையோ எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். பிற கரைகளிலும் நிலச் சட்டம் உண்டு. உரிமமின்றி மணல் அள்ளலாகாது. மேற்குக் கரையின் மணலோ பெரும்பாலும் சேறு கலந்த படிகக்கல். அது நம் தொட்டிக்கு உதவவும் உதவாது.

எவ்வளவு மணல்?

தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். அறுபது நீளமும் முப்பது அகலமும் உள்ள தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு 7.2 லிட்டர் வேண்டும். பவள மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆகவே பதினொரு கிலோ போதும். பையை அடுக்கி விற்க முனைவோரிடம் இக்கணக்கைக் காட்டலாம்.

பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இட்டால் அடியில் காற்றுப் புகாத இடம் உண்டாகி, அங்கே வாழும் வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியேற்றும். இது நன்மையே. ஆயினும் அவ்வாழத்தில் அழுகல் தேங்கினால் கூமுட்டை நாற்றமுள்ள நச்சுவாயுவும் பிறக்கும். மழைக்குப் பின் காணியிலுள்ள கறுத்த சேற்றைக் கிளறினால் எழுமே, அதே நாற்றம். பழகாதவர் ஆழ மணலை நாடாதிருப்பதே நலம். மணலே இன்றிப் பாறைகளை மட்டும் வைத்து வளர்ப்போரும் உளர்.

உலர்ந்த புது மணலைக் குழாய்நீரில் கலங்கல் தெளியும்வரை பலமுறை அலசுக. நுண்ணுயிரோடு ஈரமாக விற்கப்படும் மணலை அவ்வாறு அலசலாகாது. குழாய்நீரின் குளோரின் அவற்றை அழித்துவிடும். பாறைகளை முதலில் கண்ணாடித் தளத்தில் உறுதியாக நிறுத்தி, அதன் பின்னரே மணலைப் பரப்ப வேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், தோண்டும் உயிரினங்கள் அடியைப் பறித்துவிடும். பாறை சரிந்து கண்ணாடி உடையும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடல் உப்பை வாளியில் தனியே கரைத்து, மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது மெல்ல ஊற்றுக. உணவு உப்பு இதற்கு ஆகாது.

இனி அவ்விளைஞருக்கு நேர்ந்ததற்கு வருவோம். லம்பத்து மணல் நல்ல தேர்வன்று. ஆயினும் கடையின் மிக உயர்ந்த பவள மணலை அவர் இட்டிருந்தாலும் மீன்கள் இறந்தே இருக்கும். அன்று காலை பரப்பிய மணலில் அன்று மாலைக்குள் எந்த நுண்ணுயிரும் போதிய அளவில் குடியேறுவதில்லை; அதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் சிட்டிகையளவு தீனியிட்டு, அது அழுகி உண்டாக்கும் அமோனியாவால் நுண்ணுயிர்களைப் பெருக்கி, சோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பின் இரண்டும் சுழியத்துக்கு இறங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். தோட்ட ஸ்டோரிலுள்ள அமோனியாவை ஊற்றிப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அது அளவுக்கு மிஞ்சிய வலுவுடையது. மேலும் அது தோட்டத்துப் பொருள். தீனியே போதும் என்றோம்.

அவர் இரண்டாம் முறை தொட்டியை வைத்தபோது, காலியான தொட்டிக்குத் தீனி போடுகிறவன் என்று லயத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். முப்பத்தெட்டாம் நாள் அவர் ஒரே ஒரு கோமாளி மீனை விட்டார். இரண்டாவது மீனை அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வாங்க எண்ணியிருப்பதாகக் கூறினார். அதற்குள் முதல் மீனின் கழிவுக்கு ஏற்ப மணலும் பழகிக்கொள்ளும்.