கழிக்கப்படும் புள்ளி: படகுப் போட்டி மாணவரும் நம் வகுப்பறையும்

2023 செப்டம்பரில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில், பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ. 4 வகைப் பாய்மரப் படகுப் போட்டியில் நேஹா தாக்கூர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கடலே இல்லாத அந்த மாநிலத்தில், போபால் ஏரியில் படகோட்டப் பயின்றவர்.

அவர் பெற்ற புள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. இவ்விளையாட்டில் ஓர் ஓட்டத்தில் முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு 2 புள்ளி. எல்லா ஓட்டங்களும் முடிந்தபின் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். 11 ஓட்டங்களில் நேஹா பெற்ற மொத்தப் புள்ளிகள் 32. அவற்றுள் மிகப் பின்தங்கிய ஓட்டத்துக்கான 5 புள்ளிகள் கழிக்கப்பட்டன. இறுதிக் கணக்கில் 27 என்றே பதிவாயிற்று.

காற்றை நம்பி ஆடும் ஆட்டத்தில் ஒரு நாள் பிசகும். அதை விதியே முன்கூட்டி எண்ணிப் பார்த்து இடம் தந்திருக்கிறது. போட்டிக்குச் செல்லும் மாணவருக்கும் நம் பள்ளிகள் இப்படி முன்கூட்டித் திட்டமிட முடியும்.

யார் இந்த மாணவர்கள்?

தமிழ்நாட்டுக்கு இவ்விளையாட்டு புதிதல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் படகோட்டிய நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய நால்வருமே தமிழ்நாட்டுடன் தொடர்புடையவர்கள். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா, சென்னையில் ஒரு கோடைக்கால முகாமில்தான் முதன்முதலில் படகேறினார். பின்னர் பொறியியல் படித்துக்கொண்டே பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்றார்.

சிறுவர்கள் பெரும்பாலும் ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சிறு படகில் தொடங்குகிறார்கள். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒருவரே பாயையும் சுக்கானையும் கையாள வேண்டும். 15 வயது வரை இதில் போட்டியிடலாம். அதன்பின் ஐ.எல்.சி.ஏ. போன்ற பெரிய படகுகளுக்கு மாறுகிறார்கள். படகை மாற்றும் இந்த வயதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. “படிப்பா, படகா?” என்ற கேள்வி வீட்டில் எழுவதும் அப்போதுதான்.

ஒரு போட்டித் தொடர் பல நாள்கள் நீளும். பயண நாள்கள் தனி. திரும்பி வரும் மாணவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, “நண்பனிடம் நோட்டு வாங்கி எழுதிக்கொள்.” அவரும் இரவெல்லாம் விழித்து எழுதுவார். நோட்டு நிறையும், பாடம் புரிந்திருக்காது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் ஏதாவது ஒன்றைக் கைவிடுவார். அது விளையாட்டாகவும் இருக்கலாம், கணக்குப் பாடமாகவும் இருக்கலாம்.

சலுகை வேறு, விதி வேறு

ஒரு புள்ளியைக் கழிக்கும் முறையில் மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, அது போட்டிக்கு முன்பே எழுத்தில் உள்ளது. எல்லோருக்கும் பொதுவானது. யாரும் கெஞ்சிப் பெறுவதில்லை. நம் பள்ளியிலோ போட்டிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நிற்கிறார். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உடற்கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் அமர்ந்து போட்டி நாள்களைப் பள்ளி நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் அந்தத் தயக்கம் தேவைப்படாது. வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடு ஒன்று தவறினால் எப்போது, எப்படிச் செய்து முடிக்கலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது, கழிக்கப்படுவது எல்லாம் அல்ல, மிகச் சிறு பகுதியே. அதுபோல, விடுபட்ட பாடங்களில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைப் பாட ஆசிரியரே சொல்ல வேண்டும். திருப்புதல் பயிற்சியும், நோட்டில் படியெடுப்பதும் விடக்கூடியவை. அடுத்த பாடத்துக்கு அடிப்படையான கருத்தும், செய்முறையும் விடக்கூடாதவை. ஐந்து நாள் வகுப்பை ஒரு தாளில் ஐந்து வரியாகச் சுருக்கி, “இந்த இரண்டை என்னிடம் வந்து கேள், மற்றதை நீயே படி” என்று தருவது பத்து நிமிட வேலை. அந்தத் தாள் மாணவருக்குப் பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, வராமல் இருப்பதற்கு விலை உண்டு. தொடரில் 30 படகுகள் இருந்தால், ஓட்டத்துக்கு வராத படகுக்கு 31 புள்ளிகள் விழும். பள்ளியிலும் இது தெளிவாக இருக்க வேண்டும். உறுதி சொன்ன நாளில் மாணவர் பாடத்தை முடிக்காவிட்டால் பெற்றோரிடம் அதை மறைக்காமல் சொல்வதும் நம் பொறுப்பே. விளையாட்டைத் தண்டனையாகப் பறிப்பது மட்டும் வேண்டாம்.

காத்திருக்கும் நேரம்

காற்று போதாதபோது சிவப்பு, வெள்ளைச் செங்குத்துப் பட்டைகள் கொண்ட கொடியை ஏற்றி ஓட்டத்தை ஒத்திவைப்பார்கள். கரையிலேயே ஒத்திவைக்கப்பட்டால் ஒரு மணி நேரமோ இரண்டோ சும்மா இருக்க நேரிடும். அங்கே தடித்த புத்தகம் உதவாது. ஒரு சிறு அட்டையில் பத்துக் கேள்விகளோ, இரண்டு கணக்குகளோ போதும். கடலிலிருந்து திரும்பிய இரவில் உடல் அசந்திருக்கும். படிப்புத் திட்டத்தில் அந்த இரவைச் சேர்க்காமல் விட்டு, விடியற்காலை அரை மணி நேரத்தைச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

திரும்பி வரும் மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. அவர் கற்றதை வகுப்புக்குப் பயன்படுத்தலாம். படகோட்டும் மாணவர் இல்லாத பள்ளியிலும் இவற்றைச் செய்யலாம்.

1. தொடக்க வகுப்புகள், கூட்டலும் கழித்தலும்: ஐந்து ஓட்டங்களில் ‘அ’ பெற்ற புள்ளிகள் 2, 1, 6, 2, 3. ‘ஆ’ பெற்றவை 3, 3, 1, 3, 2. மொத்தம் முறையே 14, 12. ஆகவே ‘ஆ’ முன்னிலை. இப்போது ஒவ்வொருவருக்கும் மிகப் பெரிய எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். ‘அ’ 8, ‘ஆ’ 9. வெற்றியாளர் மாறிவிட்டார்! எது நியாயம் என்று குழந்தைகளையே பேசவிடுங்கள்.

2. நடுநிலை வகுப்புகள், நிலக்காற்றும் கடற்காற்றும்: சென்னையில் கோடையில் பிற்பகலில் கடற்காற்று வீசுவது ஏன்? நிலம் கடலைவிட விரைவில் சூடாவதை, வெயிலில் வைத்த மணல் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றின் வெப்பநிலையை அளந்து காட்டலாம்.

3. பத்தாம் வகுப்பு, முக்கோணவியல்: பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே செல்ல முடியாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேறும். இலக்கு காற்று வரும் திசையில் நேராக 1 கி.மீ. தொலைவில் இருந்தால் படகு கடக்கும் தூரம் √2 கி.மீ., அதாவது ஏறத்தாழ 1.41 கி.மீ. இரண்டு முறை திரும்பினாலும் பத்து முறை திரும்பினாலும் தூரம் மாறாது. இதை மாணவர்களே வரைந்து கண்டுபிடிக்கட்டும். பிறகு, “அப்படியானால் ஏன் அடிக்கடி திரும்புவதில்லை?” என்று கேளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைவதைப் படகோட்டும் மாணவர் விளக்குவார்.

4. எல்லா வகுப்புகளும், நேர்மை: பிற படகுக்கு வழிவிட வேண்டிய விதியை மீறியவர், நடுவர் சொல்லும் வரை காத்திராமல், தானே ஒதுங்கிப் படகை இரண்டு முறை சுற்றவிட்டு அதன்பின் தொடர்வது வழக்கம். “யாரும் பார்க்கவில்லை என்றால் நீ சுற்றுவாயா?” என்ற ஒரு கேள்வியே வகுப்பில் நல்ல உரையாடலைத் தொடங்கிவைக்கும்.

நிறைவாக

நம் பள்ளியில் படகோட்டும் மாணவர் இல்லாமல் இருக்கலாம். கபடிக்கோ, தடகளத்துக்கோ, சிலம்பத்துக்கோ செல்லும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த முறை அவர் ஓ.டி. படிவத்தோடு வரும்போது, கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகள் கேட்போம்: “எந்த நாள் திரும்புகிறாய்? அன்று எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம்?” விடையை அவரும் நாமும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி, அவர் புறப்படும் முன்பே கையில் கொடுத்தனுப்புவோம்.