செவிப்புலனும் சங்க அங்கத்தினரும்

கூட்டுறவுச் சங்கப் பத்திரங்களில் அடிக்கடி காணப்படும் வாசகம் ஒன்று உண்டு: "படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டேன்." கடன் பத்திரத்திலும் ஜாமீன் பத்திரத்திலும் இதைப் பார்க்காத ஆய்வாளர் இல்லை. கேட்டார் என்று எழுதியிருக்கிறதே, மெய்யாகவே அவர் காதில் விழுந்ததா என்று நாம் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோவிலூரை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். ஐம்பத்தைந்து வயதுள்ள அங்கத்தினர் ஒருவர், தாம் இன்னொருவருக்கு ஜாமீன் நின்றதே தெரியாது என்று சாதித்தார். கையொப்பமோ அவருடையதே. "உண்மையை மறைக்கிறார்" என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். அன்று மாலையே குமாஸ்தா அவரிடம், "பட்டுப் பாவு வேணுமாண்ணே?" என்று கேட்டார். "பத்துப் பாவா? ஒண்ணு போதும் தம்பி" என்றார் அவர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாலிபத்தில் வெளியூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பட்டும் பத்தும் அவருக்கு ஒன்றாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. உயிரெழுத்துக்களின் ஓசை தணிந்த சுருதியும் நல்ல வலிமையும் உடையது. ஆனால் 'ட'கரத்தையும் 'த'கரத்தையும் பிரித்துக் காட்டுவது கணநேரமே நிற்கும் மெல்லிய, உயர்ந்த சுருதி ஓசை. அது நழுவிவிட்டால், பேசுகிறார்கள் என்பது தெரியும். பேசிய சொல் விளங்காது. "வேண்டிய பேச்சு மட்டும் இவருக்குக் கேட்கும்" என்று வீட்டார் குறை கூறுவது இதனால்தான்.

செவிப்பறைக்கு அப்பால் மூன்று சிற்றெலும்புகள்; அவற்றை அடுத்து நத்தை ஓடு போன்ற உட்செவிச் சுருள். அச்சுருளில் ஓசை அலை எவ்வாறு செல்கிறது என்று விளக்கிய பெக்கசிக்கு 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் அங்கே உள்ளன. பேரிரைச்சலில் இவை ஓய்ந்து மடியும். மனிதருக்கு மடிந்த அணு மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதியே. வலி இல்லை, இரத்தம் இல்லை. ஆகவே எவரும் கவனிப்பதில்லை.

நெசவுத் தொழில் இதைப் பழங்காலமாகவே அறியும். லங்காஷயர் பஞ்சாலைகளில் தறியோசையினூடே பெண்கள் உதடசைவாலேயே பேசிக்கொண்டனர். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் சணல் நெய்த பெண்களைச் சோதித்த ஆய்வு 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. அத்தறிகளின் ஓசை சுமார் 100 டெசிபல். நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கத்தக்க வரம்பாக இன்று சுகாதார வல்லுநர்கள் கூறுவது 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காலம் பாதியாகக் குறையும். அக்கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரமே. கூட்டு வட்டி அறிந்த நம்மவர்க்கு இது எளிதில் புரியும். நமது கைத்தறியின் ஓசை பொதுவாக இவ்வளவுக்கு வராது. விசைத்தறியும், ஆயில் எஞ்சினும், கதிரடிக்கும் இயந்திரமும் வேறு. கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொள்வது பெரும்பாலும் வீண். அதற்கென்றே செய்த நுரை அடைப்பானே பயன்தரும்.

ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவிப்புலன் வல்லுநர் அறுவைச் சிகிச்சை செய்பவரல்லர். செவியின் திறனை அளந்து, குறைக்கு ஈடு செய்பவர். இரண்டாம் உலகப்போரில் செவி கெட்டுத் திரும்பிய சிப்பாய்களைப் பராமரித்ததில் இத்தொழில் உருப்பெற்றது. நம் நாட்டில் மைசூரில் இதற்கெனத் தனி நிலையம் 1965இல் ஏற்பட்டது.

நம் அங்கத்தினரை அவருடைய மகள் அழைத்துச் சென்றாள். நானும் உடன் போனேன். ஓசை புகாத சிற்றறையில் அமர்த்தி, தலையில் ஒலிக்கருவி மாட்டி, மெல்லிய ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் கிடைத்த ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் வலக்காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இரு கோடுகளும் 4000க்கு அருகில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தன. அந்தத் தாளைப் பார்த்த பின் என் அறிக்கையில் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பெற்று, மேலதிகாரிக்குக் காரணமும் எழுதினேன். ஜாமீன் விவகாரம் இன்னும் தீரவில்லை. சட்டம் கையொப்பத்தைத்தான் பார்க்கிறது.

பயிர் செய்வோர்க்கு இதே உட்செவி வேறு வகையில் தொல்லை தரும். படுக்கையில் புரளும்போதோ, தென்னையை அண்ணாந்து பார்க்கும்போதோ உலகமே சுழன்று, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். பித்தம் என்று எண்ணி எலுமிச்சம்பழத்தை நாடுகிறோம். உட்செவியில் நிலையுணர்வுக்கு மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. பக்கத்துப் பையிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து குழலில் புகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தலையைக் குறித்த வரிசையில் திருப்பி அத்துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் முறையை அமெரிக்க வைத்தியர் எப்லி 1992இல் வெளியிட்டார். ஓரிரு முறையிலேயே பலருக்குக் குணம் தெரிகிறது. வியன்னாவில் ராபர்ட் பாரனி, காதில் வெந்நீர் பாய்ச்சினால் கண் ஒரு பக்கமும் தண்ணீர் பாய்ச்சினால் மறுபக்கமும் துடிப்பதைக் கண்டு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார். செய்தி வந்தபோது அவர் ருஷியாவில் போர்க்கைதி! அச்சோதனை இன்றும் நடக்கிறது. ஆனால் தலைசுற்றலுடன் நா குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு காது திடீரெனச் செவிடானாலும் அன்றே போக வேண்டும்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் உள்ளன. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு காதிலும் பேச்சொலிகளில் 60 டெசிபல் இழப்பிருந்தாலே ஊனமாகக் கணக்கிடுவர். சான்று பெற்றவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்கருவிக்கு மனுச் செய்யலாம். தறியோசையால் கெட்டவரோ தணிந்த சுருதி நன்றாயிருப்பதால் பலசமயம் இவ்வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. துணைவிதி இடங்கொடுக்குமிடத்தில், சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து சோதனைச் செலவுக்காவது உதவலாமென்பது என் அபிப்பிராயம்.

காதுக்கருவி மடிந்த அணுவை எழுப்பாது. எஞ்சியதைக் கொண்டு வேலை வாங்கும். பழகச் சில வாரங்கள் ஆகும். இரைந்து கத்துவது பேச்சைச் சிதைக்கவே செய்யும். பொதுச்சபைக் கூட்டத்தில் மின்விசிறியை நிறுத்தி, வெளிச்சம் தம் முகத்தில் படுமாறு நின்று, காரியதரிசி தீர்மானத்தை நிதானமாக வாசிக்கட்டும். பத்திரத்தின் நகலொன்றை ஒப்பமிடுவதற்கு முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பட்டும். அந்த அங்கத்தினர் இப்போது முன்வரிசையில் உட்காருகிறார். சென்ற கூட்டத்தில் நான்காவது தீர்மானத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்; வாசித்தபோது தொகையில் ஒரு பிழை இருந்தது.